நம் கையில் இருக்கும் பை

ஞாயிறு திருப்பலி முடிந்து கடைவீதிக்குச் செல்லும் நம்மில் பலரது கையில் இருப்பது ரெக்சின் பை. துணியின்மேல் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கைப் பூசிச் செய்வது அது. செயற்கை ரப்பரைப் போலவே இதிலும் பெட்ரோலியத்துக்குப் பங்கு உண்டு. மேல்பூச்சு உரிந்ததும் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடுகிறோம். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் என்ற நச்சும் வெளிவருகின்றன.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் வாழும் நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பட்டாசு ஆலைகளில் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பது விதி. நைலான், பாலியஸ்டர் போன்றவை உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும். நமது வறண்ட காற்றில் அது எளிதில் இறங்காது. மருந்துக் கலவை பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். பருத்தியோ காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் மின்னேற்றத்தைத் தேக்கி வைப்பதில்லை. உடைக்குச் சொல்வது பைக்கும் பொருந்தும். மருந்து அறைக்கு அருகே எந்தப் பையும் வேண்டாம். ஆலைக்குச் சோறு கொண்டுபோகும் பையாவது பருத்தியாக இருக்கட்டும்.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஆனால் துணிபோலத் தோன்றும் 'நான்-ஓவன்' பையைப் பார்த்து ஏமாறுகிறோம். அது நெய்த துணி அல்ல, பாலிப்ரோப்பிலீன். அதுவும் தடைப்பட்டியலில் உள்ளதே. வெயிலில் கிடந்தால் துகள்துகளாக உதிரும்.

பனை ஓலை நமக்குப் புதிதல்ல. திருச்சிலுவை ஆலயம் அமைந்த மணப்பாட்டில் பெண்கள் ஓலையில் அழகான பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். ஓலை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். உடனே உலர்த்த வேண்டும். குழம்பு சிந்தும் என்றால் உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டி பின்னிய வயர் கூடையும் பிளாஸ்டிக்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனாலும் பல ஆண்டுகள் உழைக்கும் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப்பை வாங்குவது சரியாகத் தோன்றவில்லை. உள்ளதை முழுதும் பயன்படுத்துவோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' திருமடலும் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதையும், பொருள்களை எறியாமல் மீண்டும் பயன்படுத்துவதையும் அன்றாடச் சிறு செயல்களுள் சேர்க்கிறது.

துணிப்பை விலை கூடுதல் என்று தயங்குவோருக்கு: கிழிந்த பருத்திச் சேலையின் நல்ல பகுதியை இரண்டாக மடித்து, கைப்பிடிக்கு அதன் கரையையே வைத்துத் தைத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும்.