காய்ச்சல் விட்டது, உடம்பு தேறவில்லை

ஐப்பசியில் டெங்கு. கார்த்திகையில் சளி, இருமல். பொங்கலுக்குள் இன்னொரு காய்ச்சல், இந்த முறை டைபாய்டு. மழைக்காலம் முடியும்போது தெருவுக்கு ஒருவராவது இப்படி மூன்று முறை படுத்து எழுந்திருப்பார். மூன்றாவது முறையும் கிளினிக்கில், "ரத்தமெல்லாம் நார்மல், நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மாடி ஏறினால் எட்டாவது படியிலேயே மூச்சு வாங்குகிறது. ரிப்போர்ட்டில் நோய் இல்லை. காலில் தெம்பும் இல்லை.

இந்த இடைக்காலத்துக்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று உண்டு: தேறுதல். 'காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா உடம்பு இன்னும் தேறலை' என்று பாட்டிகள் பிரித்துச் சொல்வார்கள். மருந்துச் சீட்டில் இதற்கு ஒரு வரி கிடையாது. தேறுவதற்கென்று லீவு கேட்டால் மேனேஜர் சிரிப்பார். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு ஆபத்தும் தீர்வும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் இருக்கின்றன.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சோதனை சாட்சி. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். ஐந்து பேருக்கும் எந்த நோயும் இல்லை. மூன்று வாரம் கழித்து அளந்தபோது, உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முதியவர்களுக்கு இன்னும் மோசம். சராசரி 67 வயதுள்ள, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களைப் பத்து நாள் படுக்க வைத்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. பத்தே நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது.

இவர்கள் யாருக்கும் காய்ச்சல் இல்லை, பசியும் குறையவில்லை. காய்ச்சலோடு படுத்தவரின் உடம்போ சண்டைக்கு வேண்டிய புரதத்தைத் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இழந்ததை மீட்பதற்குள் அடுத்த காய்ச்சல் வந்தால், பழைய கடன் அடையாமல் புதுக் கடன் ஏறுகிற கதைதான்.

இந்த நேரத்தில் வீடுகளில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ஒன்று, 'அசையாதே, படு' என்று மாதக்கணக்கில் படுக்க வைப்பது. மற்றது, ஜுரம் விட்ட மறுநாளே பழைய வேகத்தில் ஜிம்முக்கோ கிரிக்கெட் மைதானத்துக்கோ ஓடுவது.

இரண்டாவதற்கு உயிரே விலையாகலாம். சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அப்படி உறுதியானவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியைத் தொடக்கூடாது என்பது இதய மருத்துவர்களின் விதி. 18 முதல் 45 வயதுக்காரர்களின் காரணம் விளங்காத திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. கோவிட் தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்த வரலாறு, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி அல்லது கடுமையான உடல் உழைப்பு ஆகியவை அந்த மரணங்களோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. ஆகவே காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், கால்வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஈசிஜி, எக்கோ பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ சட்டென்று வந்தால் 108.

இந்த அறிகுறிகள் இல்லாதவர் எங்கே தொடங்குவது? நாற்காலியில். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சமதரையில் ஐந்து நிமிட நடை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச்சுத் தடையில்லாமல் வர வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். இன்றைக்குச் செய்தது சரியா என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ள முடியாது, நாளைக் காலையில்தான் தெரியும். எழுந்ததும் வழக்கம்போல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு நிமிடமோ ஒரு முறையோ கூட்டலாம். உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால் குறைக்க வேண்டும். இடையில் மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாதியிலிருந்து தொடங்குவது நல்லது. எரிச்சலாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

'முயன்றால் முடியும்' என்ற பேச்சு எடுபடாத ஒரு கூட்டமும் உண்டு. சிறிது நடந்தாலே ஓரிரு நாள் கழித்து மொத்தமாக விழுந்துவிடும் நீடித்த சோர்வு நோயாளிகள் அவர்கள். இவர்களுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கட்டாயமாகக் கூட்டும் முறையை, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் பரிந்துரைகளிலிருந்து நீக்கியது. 'சோம்பேறித்தனம்' என்று திட்டுவதற்கு முன் வீட்டார் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது கஞ்சி. வாய் கசக்கிற முதல் இரண்டு மூன்று நாளுக்கு அது அமிர்தம், மறுப்பில்லை. அதையே இரண்டு வாரம் நீட்டுவதில்தான் சிக்கல். ஒரு கைப்பிடி அரிசிக் கஞ்சியில் புரதம் இரண்டு கிராம் தேறினால் அதிகம், ஒரு முட்டையில் ஆறு கிராம். நோயிலிருந்து எழும் முதியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும் என்பது 2013-இல் வல்லுநர் குழு ஒன்று வகுத்த கணக்கு. ஐம்பது கிலோ பாட்டிக்கு அது குறைந்தது அறுபது கிராம். பருப்பு, சுண்டல், பொட்டுக்கடலை, முட்டை, மீன், தயிர் என்று பங்கிட்டால்தான் எட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்ட வேண்டும்.

தேறுவது இருக்கட்டும், நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்வியும் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை இருப்பதால் ஒருவருக்கு மறுபடியும் வரலாம். டைபாய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பலாம். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, காசநோய் ஆகியவையும் 'சும்மா அசதி' என்ற வேடத்தில் வரும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூன்றாவது காய்ச்சலுக்கும் மருந்துக்கடையிலேயே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறவர் இவற்றுக்கான சோதனைகள் எதையும் செய்துகொண்டிருக்க மாட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.

காசநோய் உறுதியானவருக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்துக்கான தொகை வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. வரவில்லையென்றால் சிகிச்சை பெறும் இடத்திலேயே கேட்கலாம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வில், உணவுப்பொதி பெற்ற காசநோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆயிரம் ரூபாயை முட்டையாகவும் பருப்பாகவும் பார்க்க வேண்டும்.

சரி, தேறுவதற்கு நாள் யார் தருவார்கள்? இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படும் தொழிலாளருக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வழக்கமாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆனால் முந்தைய நோய்க்காலம் முடிந்த 15 நாளுக்குள் மறுபடியும் படுத்தால் அந்தக் கழிவும் இல்லை. திரும்பத் திரும்ப நோய் வருகிறவர்களுக்காகவே எழுதியதுபோன்ற இந்த விதி பலருக்குத் தெரியாது. காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத வீதத்தில் இரண்டு ஆண்டுவரை நீட்டிப்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் இஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ்தான் அடிப்படை. தனியார் கிளினிக்கில் காட்டிவிட்டு வீட்டில் படுத்திருப்பவர் இதை இழக்கிறார்.

கடை ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) ஆண்டுக்கு 12 நாள்வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகிறது. வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு பிடிமானம் உண்டு. கேரளத்தைப் பின்பற்றி 2021-இல் இந்தச் சட்டத்தில் சேர்த்த திருத்தம், ஊழியர்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்காதபடி இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்கிறது. ஒரு கிலோ கால் தசையை இழந்துவிட்டுத் துணிக்கடைக் கவுன்டரில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஸ்டூல்தான் பிசியோதெரபி.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பது, 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஒரு பகுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம், 104-லும் விசாரிக்கலாம். ஜிம்முக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டுப் படுத்தவருக்கும் வழி உண்டு: நோய்க்கான மருத்துவச் சான்றைக் காட்டியும் ஜிம் ஆண்டுக் கட்டணத்தை நிறுத்திவைக்கவோ திருப்பித்தரவோ மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை.

டாலஸ் இளைஞர்கள் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் அழைத்து மறுபடியும் அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததுதான் அதிகம் என்று தெரிந்தது. பிறகு அவர்களைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடக்கவும் மெதுவாக ஓடவும் வைத்தார்கள். ஆறு மாதம் ஆனது. 1966-இல் படுக்கைக்குப் போகும் முன் இருந்த அளவுக்கே ஐவரும் சராசரியாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.