தையலுக்கு அடியில் கொழுப்பு: புண் ஆறத் தாமதமாவது ஏன்?

மும்பையில் கல்யாணிலிருந்து தாதருக்கு லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறவருக்கு அறுவை சிகிச்சை என்றால் முதல் கவலை, எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்பதுதான். உடல் பருமன் உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: தையல் போட்ட இடம் சீழ் வைக்காமல் ஆற வேண்டும். எடை ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறுகிறது.

யாருக்கு?

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 25 ஆனாலே பருமன் என்கிறார்கள் நம் மருத்துவர்கள். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 64 கிலோ. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் இந்த எல்லையில் அல்லது அதைத் தாண்டி இருக்கிறார்கள். அங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தத் தையலோ அடிவயிற்று மடிப்புக்குள் வருகிறது.

ஏன்?

கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்களுக்கு வேண்டிய ஆக்சிஜனும், ஊசியில் ஏற்றிய மருந்தும் அங்கே போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. தடித்த கொழுப்பில் அறுவைக்கு நேரமும் கூடுகிறது. தைத்தபின் உள்ளே விழும் இடைவெளியில் நீர் கோத்தால் கிருமிக்கு அதுவே வீடு. மழைக்காலத்தில் வியர்வையும் காயாத துணியும் சேர்ந்து மடிப்பை ஈரமாகவே வைத்திருக்கும். கூடவே சர்க்கரை நோயும் இருந்தால் புண் இன்னும் மெதுவாக ஆறும்.

என்ன செய்யலாம்?

எடைக்குப் பயந்து அவசியமான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். எடையைக் குறைக்கப் பட்டினியும் கிடக்க வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், புகைப்பதை நிறுத்துங்கள். அறுவைக்கு முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள், பிளேடால் சிரைக்காதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைக் கத்தி படுவதற்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்படிப் போடும் மருந்துகளில் ஒன்றான செஃபாசோலின் வழக்கமாக 2 கிராம். 120 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 3 கிராம் என்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள். ஆகவே உங்கள் சரியான எடையைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். சிறு துளை வழியே செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட பேச்சு. உண்மையில் தசை கூடிவரப் புரதம் வேண்டும். பருப்பும் முட்டையும் தட்டில் இருக்கட்டும்.

எப்போது ஓட வேண்டும்?

தையலைச் சுற்றிச் சிவப்பு, சூடு, வீக்கம், கூடும் வலி, சீழ், காய்ச்சல் — ஒன்று தெரிந்தாலும் மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்தாமல் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். தொற்று 30 நாட்கள் வரை வரலாம். செயற்கை மூட்டு வைத்திருந்தால் 90 நாட்கள் வரை. தையல் பிரித்த பிறகும், தினம் ஒருமுறை அந்த மடிப்பை விலக்கிப் பாருங்கள்.