விரல் கேட்கும் பியானோ

மேடைக்கென்று செய்யப்படும் டிஜிட்டல் பியானோவுக்குள் தந்தி கிடையாது. சுத்தியல் உண்டு, ஆனால் அது எதையும் அடித்து ஒலி எழுப்புவதில்லை. கட்டையோடு இணைந்த ஒரு பாரமாக நின்று, அழுத்தும் விரலுக்கு எதிர்ப்புக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஒலி வருவது ஒரு சில்லிலிருந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டையும் ஒரே பொருள் என்று வாசிப்பவரின் உடம்பு நம்ப வேண்டும். எவ்வளவு நம்புகிறது என்பதில்தான் நல்ல கருவியும் சுமாரான கருவியும் பிரிகின்றன.

இந்த ஏமாற்று வேலை சாத்தியமானதற்குக் காரணம் அசல் பியானோவின் அமைப்பிலேயே இருக்கிறது. 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸ் நகரில் மெடிசி குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்துவந்த பார்த்தொலோமேயோ கிறிஸ்தோஃபோரி பியானோவை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அது தந்தியைச் சுண்டும் கருவி. கிறிஸ்தோஃபோரி சுத்தியலால் அடிக்கவைத்தார். அந்தச் சுத்தியல் தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும்படி செய்தார். ஆகவே அடி விழும் நொடியில் விரலுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. சுத்தியல் எவ்வளவு வேகத்தில் எறியப்பட்டது என்பதுதான் முக்கியம். 1720இல் அவர் செய்த ஒரு பியானோ நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

வேகத்தை அளந்தால் போதும் என்றானபின் மின்னணுவியலுக்குச் சிக்கல் குறைந்துவிட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே, வேறுவேறு ஆழத்தில் இரண்டு உணரிகள். முதலாவதைத் தாண்டி இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று கருவி கணக்கிட்டு, மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்க 1983இல் வந்த மிடி முறைப்படி 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. சில மாடல்களில் மூன்றாவது உணரி ஒன்றும் உண்டு. கட்டை முழுதாக மேலே வராமலேயே அதே ஸ்வரத்தை மறுபடி ஒலிக்கவைக்க அது உதவும். கிராண்ட் பியானோவில் இதே வேலைக்குச் செபாஸ்டியன் எரார் கண்டுபிடித்த ஓர் இயந்திர அமைப்பு 1821இல் காப்புரிமை பெற்றது. ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டிப் பாருங்கள். இடையில் ஸ்வரம் விழுங்கப்பட்டால் கருவியைச் சந்தேகிக்கலாம்.

தொடுகை என்றாலே கடைக்காரர்கள் கனத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அசல் பியானோவில் ஒரு கட்டையை மெல்ல இறக்க 50 கிராம் அளவு பாரம் போதும். மந்தரப் பக்கம் சற்றுக் கூடுதல், தாரப் பக்கம் சற்றுக் குறைவு. இதையெல்லாம் நடுத்தர விலைக் கருவிகளே ஒப்பேற்றிவிடுகின்றன. உண்மையான வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கட்டை எந்தப் புள்ளியில் ஊசலாடுகிறது? கிராண்டில் அந்தப் புள்ளி வெகு உள்ளே இருக்கும். பெட்டியைச் சிறிதாக்கிய மாடல்களில் அது கட்டையின் தெரியும் பகுதிக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. விளைவு, கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் விரலை நுழைத்து வெள்ளைக் கட்டையை அழுத்தினால் அது முரண்டு பிடிக்கும். கடையில் எல்லோரும் கட்டையின் முன் நுனியில் வாசித்துவிட்டு ‘அருமை’ என்று எழுந்துவிடுகிறார்கள். உள்ளே தள்ளி, மிக மெதுவாக, காதுக்கு எட்டியும் எட்டாமலும் வாசித்துப் பாருங்கள். கருவியின் குணம் அங்கேதான் வெளிப்படும்.

நீளமான மரக்கட்டைகள் கொண்ட கவாய் எம்பி11எஸ்இ இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். ஆனால் எடை 30 கிலோவுக்கு மேல். யமஹா சிபி88 18.6 கிலோ, ரோலண்ட் ஆர்டி-2000 21.7 கிலோ. நல்ல தொடுகைக்கும் முதுகுவலிக்கும் இடையிலான பேரம் இது.

இனி நாதம். பெரும்பாலான கருவிகளில் இருப்பவை அசல் பியானோவை ஸ்வரம் ஸ்வரமாக, பல வலுக்களில் அடித்துப் பதிவுசெய்த சாம்பிள்கள். மெல்லியதிலிருந்து ஓங்கியதுவரை ஒரே ஸ்வரத்தைப் படிப்படியாக வாசித்தால், மலிவான கருவியில் ஓர் இடத்தில் ஒலி சட்டென்று ஆள்மாறும். ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை அது. இன்னொரு சோதனைக்குப் பொறுமை வேண்டும். மந்தரத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி ஒலி அடங்கும்வரை கேளுங்கள். அசல் பியானோவில் அது நிறம் மாறி மாறித் தேயும். நினைவகத்தை மிச்சப்படுத்தப் பதிவின் வாலைச் சுழலவிட்ட கருவியில் ஒலியின் அளவு மட்டும் குறையும், நிறம் அப்படியே நிற்கும். பதிவே இல்லாமல் தந்தியின் அதிர்வைக் கணக்கிட்டு ஒலியை உண்டாக்கும் வழியும் உண்டு. ரோலண்ட் 2009இல் கொண்டுவந்த வி-பியானோ அந்த வகை.

தனியாகக் கேட்கும்போது மனத்தை உருக்கும் நாதம் மேடையில் காணாமல் போவதும் உண்டு. அகன்று, ஆழ்ந்து ஒலிக்கும் கிராண்டின் மந்தரம் பேஸ் கிதாரோடு மோதிக் குழம்பும். சற்று மெலிந்த, வெளிச்சமான ஒலிதான் டிரம்ஸைத் தாண்டி அவைக்குப் போய்ச் சேரும். மற்றொன்று, பல அரங்குகளின் ஒலிபெருக்கி அமைப்பு மோனோ. இரண்டு மைக்குகளால் ஸ்டீரியோவாகப் பதிவான பியானோவை ஒன்றாகக் கலந்தால், இரு பக்கத்து அலைகளும் ஒன்றையொன்று பகுதியளவு அழித்துக்கொண்டு ஒலி சோனியாகிவிடும். ஹெட்ஃபோனில் இது தெரியாது. ஒற்றை ஒயரில் ஸ்பீக்கருக்குக் கொடுத்துக் கேட்காமல் மேடைப் பியானோ வாங்கக் கூடாது என்பேன்.

தொடுகையையும் நாதத்தையும் இப்படித் தனித்தனியே பிரித்துப் பேசினாலும், வாசிக்கும்போது அவை பிரிவதில்லை. ஒலியை முழுதாக அணைத்துவிட்டு வாசித்தால் கட்டைகள் பாரமாகத் தெரியும். அதே கட்டைகளுக்குப் பளிச்சென்ற ஒரு நாதத்தைக் கொடுத்தால் இலேசாகிவிடும். மாறியது காதுக்கு வந்தது மட்டுமே. இது தலைகீழாகவும் நடக்கும். ஸ்வீடனின் நோர்ட் கருவிகள் அதற்கு நல்ல உதாரணம். நோர்ட் ஸ்டேஜ் 3க்கு இத்தாலியின் ஃபடார் நிறுவனம் செய்த கட்டைகள், நோர்ட் கிராண்டுக்கு ஜப்பானின் கவாய் செய்த கட்டைகள். ஒரே பியானோப் பதிவை இரண்டிலும் ஏற்றி வாசித்தால் இரண்டு வாத்தியங்களைத் தொட்டதுபோல இருக்கும். விரலின் வேகத்துக்கு எவ்வளவு ஒலி என்ற விகிதத்தை மாற்றும் வசதி ஏறக்குறைய எல்லா மாடலிலும் உண்டு. ‘இது கனம்’ என்று ஒதுக்குமுன் அதைத் திருகிப் பார்ப்பது நல்லது.

எதற்கு முதலிடம் என்று கேட்டால் என் ஓட்டு தொடுகைக்கு. நாதம் பிடிக்காவிட்டால் மடிக்கணினியை இணைத்து வேறொன்றை வாசிக்கலாம். கட்டைகளை மாற்ற வழியில்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. நம் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் பலர் பாரமில்லாத 61 கட்டைக் கீபோர்டில் கை பழகியவர்கள். அவர்கள் வாசிப்பதில் பாதி ஆர்கனும் வயலின் கூட்டொலியும்தான் என்றால், சுத்தியல் கட்டை வேகத்தைக் குறைக்கும், உள்ளங்கையால் இழுத்து வாசிப்பது வலிக்கும். அவர்களுக்கு 73 கட்டைகள் கொண்ட இலேசான கருவியே பொருந்தும்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த ஹெட்ஃபோனைக் கொண்டுபோங்கள். நின்றுகொண்டு தட்டாமல், நாற்காலி கேட்டு வாங்கிச் சரியான உயரத்தில் உட்காருங்கள். பெட்டியோடு இலவசமாக வரும் பெடல் பல சமயம் வெறும் சுவிட்ச்தான். பாதி அழுத்தத்தையும் உணரும் பெடலுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். தூக்கிச் செல்ல ஆள் இல்லாதவர்கள் 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். பெட்டியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் அதுவே கனம்தான்.