வீட்டுத் தோட்டத்தில் அஸ்பரகஸ்: நடுதலும் குருத்து வெட்டுதலும்

நெல் விதைத்த கமக்காரர் மூன்று அல்லது நான்கு மாதங்களில் அரிவி வெட்டுகின்றார். வெங்காயம் நட்டவர் அதற்கும் முன்னரே கிண்டி எடுத்து விடுகின்றார். இவ்வாறு போகத்துக்குப் போகம் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு அஸ்பரகஸ் என்னும் மரக்கறி சற்று விசித்திரமான பயிராகவே தோன்றும். நட்டபின் ஒரு வருட காலம் அதிலிருந்து ஒரு குருத்தேனும் எடுத்தலாகாது. ஆனால், அந்த ஒரு வருடம் பொறுத்திருப்பவருக்கு அதே பாத்தி, மீண்டும் கொத்தி நடாமலே, பல வருடங்களுக்குப் பயன் கொடுக்கும். குளிர் நாடுகளில் நன்கு பேணப்பட்ட பாத்தியொன்று 15 வருடங்களுக்கு மேலும் நிற்பதுண்டு. வெப்ப நாடுகளில் செடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லாமையால் அதன் ஆயுள் குறைவு. எவ்வளவு குறைவு என்பது பெரும்பாலும் கத்தி பிடிப்பவரின் கையிலேயே தங்கியுள்ளது.

இச்செடி எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வேலிகளிலும் பற்றைகளிலும் முள்ளோடு படரும் சாத்தாவாரி இதன் இனத்தைச் சேர்ந்ததே. அதன் கிழங்கைப் பரியாரிமார் மருந்துக்கு எடுப்பதையும், இலையை இலைக்கஞ்சிக்குச் சேர்ப்பதையும் பலர் அறிவர். பூச்செண்டு கட்டுவோர் பயன்படுத்தும் மெல்லிய அலங்காரச் செடியும் அஸ்பரகஸ் என்றே அழைக்கப்படுகின்றது. அது கறிக்குரியதன்று. பூச்சாடியில் நின்ற அச்செடியின் குருத்தை ஒருவர் முறித்து வந்து, "ஐயா, இதைச் சமைக்கலாமோ?" என்று என்னிடம் வினவியதுண்டு. ஆகவே விதை வாங்கும்போது மரக்கறி அஸ்பரகஸ் விதை என்று கேட்டு வாங்குதல் வேண்டும். மேரி வாஷிங்டன் பழைய வர்க்கம். வெப்பமான நாடுகளில் யூ.சி. 157 என்னும் வர்க்கம் பெரிதும் பயிரிடப்படுகின்றது.

செடியின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று. மண்ணின் கீழே கட்டை போன்ற ஓர் அடித்தண்டும், அதிலிருந்து நாற்புறமும் ஓடும் சதைப்பற்றுள்ள தடித்த வேர்களும் உள்ளன. அடித்தண்டிலுள்ள அரும்புகளே குருத்துக்களாக மேலே வருகின்றன. வெட்டாமல் விட்டால் குருத்து நான்கு முதல் ஆறு அடி வரை உயர்ந்து, கிளைத்து, பசிய புகை போல விரியும். அப்பச்சைத் தழையே வெயிலில் உணவைத் தயாரித்து வேர்களுக்கு அனுப்புகின்றது. அடுத்த குருத்து அந்தச் சேமிப்பிலிருந்தே எழுகின்றது. எனவே, தழை இல்லாத செடியில் குருத்து வெட்டுவது, தண்ணீர் ஊறாத கிணற்றில் இறைப்பதற்கு ஒப்பாகும்.

நிலமும் பாத்தியும்

ஆழமான, நீர் தங்காத இருவாட்டி மண் இதற்கு மிக உகந்தது. பீ.எச். பெறுமானம் 6.5 முதல் 7.5 வரை இருத்தல் நன்று. யாழ்ப்பாணத்துச் செம்மண் இவ்வகையில் பொருத்தமானது. மலைநாட்டின் மண் பல இடங்களில் புளிப்புத்தன்மை மிகுந்ததாகையால், மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு டொலமைட்டை நடுகைக்குச் சில வாரங்களின் முன்னரே இட்டுக் கலக்க வேண்டும். மரக்கறிகளுள் அஸ்பரகஸ் உவரை ஓரளவு தாங்கக்கூடியது. இதனைக் கேட்டு உவர்க் கிணற்று நீரை நாற்றுக்கு ஊற்றிவிடக் கூடாது. வளர்ந்த செடி தாங்குவதை இளநாற்று தாங்காது.

குளிர்ச்சியும் மிதமான மழையும் உள்ள வெலிமடை, பண்டாரவளை போன்ற பகுதிகளில் குருத்து இறுக்கமாகவும் பருமனாகவும் வரும். கடும் வெப்பத்தில் அது விரைவாக நீண்டு, நுனி சீக்கிரம் விரிந்து, நார்ப்பற்று உண்டாகும். அப்பகுதியினர் கைவிட வேண்டியதில்லை. சற்றுக் குட்டையாக இருக்கும்போதே வெட்ட வேண்டும், அவ்வளவே. இதற்கு உண்மையான பகை வெயிலன்று, அடைமழையே. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

ஒரு குடும்பத்துக்கு 25 செடிகள் கொண்ட பாத்தியொன்று ஆரம்பத்துக்குப் போதும். செடிக்குச் செடி ஒன்றரை அடியும், வரிசைக்கு வரிசை நான்கு அடியும் விட்டால், இரண்டு வரிசைகளாக 20 அடி நீளத்துக்குள் இது அடங்கிவிடும். வெங்காயத் தரையையோ வயலையோ இதற்கென ஒதுக்குமாறு நான் எவருக்கும் கூறமாட்டேன். கிணற்றடிக்கு அண்மையில், மர நிழல் படாத ஓர் ஓரம் போதுமானது. பல வருடம் நிற்கும் பயிராகையால், கோரையும் அறுகும் நிறைந்த இடமாயின் அவற்றைக் கிழங்கோடும் வேரோடும் பொறுக்கி எடுத்த பின்னரே நட வேண்டும். பிற்பாடு செடியருகே மண்வெட்டி போட இயலாது.

ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமான சால் வெட்டி, ஒவ்வொரு மூன்று அடிக்கும் ஒரு கடகம் நன்கு உக்கிய மாட்டெருவைக் கொட்டி, மேல்மண்ணோடு கலந்து பாதி ஆழத்துக்கு நிரப்பவும். மழைநீர் தங்கும் இடமாயின் சால் வெட்டாது மேட்டுப்பாத்தியே அமைக்க வேண்டும்.

நாற்று

விதையை ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறவிட்டு, பொலித்தீன் பைகளில் முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றவும். முளைக்க இரண்டு, மூன்று வாரங்கள் செல்லும். பத்தாம் நாளிலேயே விதை பழுதென்று பையைக் கொட்டிவிடுவோர் உளர். மூன்று நான்கு மாதங்களில் நாற்று முக்காலடி உயர்ந்து சில தண்டுகளுடன் நிற்கும். புரட்டாசியில் விதையிட்டால், மாரி ஓய்ந்த பின் தை மாதத்தில் நடலாம். வேரைக் கலைக்காமல் சாலில் வைத்து மெல்லிய மண்ணால் மூடி, செடி உயர உயரச் சிறிது சிறிதாகச் சாலை நிரப்பிவர வேண்டும்.

முதல் வருடத்தில் வரிசைகளுக்கிடையே கீரை, முள்ளங்கி போன்ற குறுகிய காலப் பயிர்களை இடலாம். நிலம் வெறிதே கிடக்கின்றதே என்ற மனக்குறையும் இதனால் நீங்கும். வேர்வரை நனையுமாறு நீரூற்றி, பின்னர் மேல்மண் காயவிட்டு மீண்டும் ஊற்றுதல் வேண்டும். வைக்கோலை மூடுபடையாக இடுவது களையையும் ஈரத்தையும் ஒருங்கே காக்கும்.

விதைகளில் ஏறத்தாழப் பாதி ஆண் செடியாகவும் பாதி பெண் செடியாகவும் வரும். பெண் செடி சிவந்த சிறு பழங்களைத் தாங்கும். ஆண் செடி அதிக குருத்துக்களைத் தரும். அப்பழங்கள் உண்ணத்தக்கவையல்ல, பிள்ளைகள் வாயில் வைக்காதபடி பழுக்குமுன் கிள்ளிவிடுதல் நன்று.

குருத்து வெட்டுதல்

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் என் சொந்தக் காணியில் 30 செடிகள் நட்டேன். ஐந்தாம் மாதம் பென்சிற் பருமனில் குருத்துக்கள் எழுந்தன. படித்த பாடம் நினைவில் இருந்தும், விருந்தினர் வந்த ஒரு நாளில் அனைத்தையும் வெட்டினேன். மறு வாரமும் வெட்டினேன். மூன்றாம் வாரம் வந்தவை ஈர்க்கு போல் இருந்தன. அடுத்த மாரி முடிந்தபோது 11 செடிகளே எஞ்சின. அன்று வெட்டியது ஒரு பிடி கூட இராது.

குளிர் நாட்டு நூல்கள் கூறும் முறை வேறு. அங்கே குளிர்காலத்தில் தழை காய்ந்து செடி உறங்கும். வசந்தத்தில் எழும் குருத்துக்களை ஆறு, எட்டு வாரங்கள் வெட்டி, பின் யாவற்றையும் வளரவிடுவர். பெரு நாட்டின் வரண்ட கரையோரத்தில் நீரை நிறுத்தி அவ்வுறக்கத்தை உண்டாக்குகின்றனர். இலங்கையின் மழையில் அது எளிதன்று. எமக்கு ஏற்றது தைவானிலும் தாய்லாந்திலும் கைக்கொள்ளப்படும் தாய்த்தண்டு முறையாகும்.

அதன்படி, நட்டு ஒரு வருடம் கழிந்தபின், ஒவ்வொரு செடியிலும் நேரான, பருமனான நான்கு குருத்துக்களை ஒன்றோடொன்று நெருங்காதவாறு தெரிந்து வளரவிட வேண்டும். இவையே தாய்த்தண்டுகள். இவற்றைக் கம்பு நாட்டிக் கயிறு இழுத்துக் கட்டி, காற்றில் சாயாமற் காக்க வேண்டும். இவை நன்கு விரிந்து பச்சைபிடித்த பின்னர், புதிதாக எழும் குருத்துக்களை வெட்டலாம். தாய்த்தண்டுகள் உணவு தயாரித்துக்கொண்டே இருப்பதால் வேர் வறண்டு போவதில்லை.

குருத்து ஏழு முதல் ஒன்பது அங்குல உயரமாய், நுனி மொட்டுப்போல் இறுகி இருக்கும்போது வெட்ட வேண்டும். வெப்ப காலத்தில் அது ஒரே நாளில் பல அங்குலம் நீளும். ஆதலால் நாள்தோறும் காலையில் பாத்தியைச் சுற்றிவருதல் அவசியம். ஒரு நாள் தவறினால் மறுநாள் நார். கத்தியை மண்மட்டத்தில் வைத்து வெட்டவும். மண்ணுக்குள் குத்தி வெட்டினால், நாளை எழவிருக்கும் அரும்பும் சேர்ந்து அறுபடும்.

சுமார் இரண்டு மாதங்கள் இவ்வாறு வெட்டலாம். இடையில் குருத்துக்கள் பென்சிலிலும் மெலிந்து வரத் தொடங்கினால் நாட்கணக்கைப் பாராது நிறுத்திவிட வேண்டும். அது செடி சொல்லும் கணக்கு. பின் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுத்து, உக்கிய எருவும் கூட்டெருவும் இட்டு, புதிய தாய்த்தண்டுகளை வளரவிட்டு, அவை விரிந்ததும் மஞ்சளித்த பழைய தண்டுகளை அடியோடு நீக்கவும். இவ்வோய்வு மாதத்திலேதான் பலர் தவறுகின்றனர். சந்தையில் நல்ல விலை இருக்கின்றதே என்று இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என வெட்டிக்கொண்டு போவர்.

வெட்டிய குருத்தின் இனிப்பு விரைவாகக் குறைந்து நார் கூடும். ஆகவே உடனே கழுவி, அடிப்பாகத்தை நீரில் நிறுத்தி, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கவும். அன்றே சமைத்தல் சாலச் சிறந்தது. அடியின் தடித்த தோலைச் சீவி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துச் சில நிமிடங்கள் வதக்கினாற் போதும். குழையவிட்டால் சுவை கெடும். உண்டபின் சிறுநீரில் ஒருவகை மணம் தோன்றலாம். அஞ்ச வேண்டியதில்லை, இக்கறியின் இயல்பு அது. விற்பனைக்கு வளர்க்க எண்ணுவோர், நடுமுன்னரே வாங்குபவரோடு பேசி முடிவு செய்தல் வேண்டும். ஊர்ச் சந்தையில் இதனைக் கேட்டு வாங்குவோர் சிலரே, குருத்தோ காத்திராது.

நோய்

அடைமழை பகையென்று கூறியதன் காரணம் தண்டு வெளிறல் நோயாகும். தண்டின் அடியில் நீண்ட கபில நிறப் புள்ளிகள் தோன்றி, அவற்றுள் கரிய சிறு துகள்கள் காணப்படும். புள்ளிக்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிடும். பழைய தண்டுகளில் தங்கும் பங்கசு, மழைத்துளி தெறிப்பதால் புதிய தண்டுக்குத் தாவுகின்றது. ஆகவே வெட்டிய பழந்தண்டுகளைப் பாத்தியில் போடாமலும் கூட்டெருவில் சேர்க்காமலும் எரித்துவிட வேண்டும். மேலிருந்து நீர் தெளிக்கலாகாது. வைக்கோல் மூடுபடை மண் தெறிப்பதைத் தடுக்கும். மழை மிகுந்த இடங்களில் பாத்தியின் மேல் தெளிந்த பொலித்தீன் கூரை அமைப்பது மருந்தினும் மேலானது. மருந்து தெளிக்க நேர்ந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுத் தெளியுங்கள். நாள்தோறும் வெட்டி உண்ணும் பயிராகையால், தெளித்தபின் வெட்டாது விடவேண்டிய நாட்களைத் தவறாது கடைப்பிடிக்கவும். மயிர்க்கொட்டிகளைக் காலையில் கையாற் பொறுக்கியே அழிக்கலாம்.

நீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும். அழுகிய செடியை வேரோடு அகற்றி அக்குழியில் வேறு அஸ்பரகஸ் நாற்றை வைக்காதீர்கள். பாத்தி முழுவதும் முதிர்ந்து, ஓய்வு கொடுத்தும் குருத்து மெலிந்தே வருமாயின், புதிய பாத்தியை வேறோர் இடத்தில் அமைக்க வேண்டும். பழைய இடத்தில் நோய்ப் பங்கசு பல வருடங்கள் தங்குமாதலால், அங்கே வேறு மரக்கறிகளை இடலாம். புதிய பாத்தி வெட்டுக்கு வர மீண்டும் ஒரு வருடம் செல்லும் என்பதை எண்ணி, பழையது முற்றாக ஓயுமுன்னரே நாற்றுக்களை ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.