இசைத்தட்டும் கூடைப்பந்தும்



ஒரு சொல்லின் பிறப்பிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். 'ஜாஸ்' என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களிடையே தோன்றி உலகெங்கும் பரவிய இசைக்கு அது பெயர். ஆனால் அச்சொல் அச்சில் ஏறிய மிகப் பழைய இடங்களுள் ஒன்று இசைச் செய்தி அன்று, விளையாட்டுச் செய்தி. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பென் ஹெண்டர்சன் என்ற பேஸ்பால் வீச்சாளர் தாம் கண்டுபிடித்த ஒருவகை வீச்சுக்கு 'ஜாஸ் பந்து' என்று பெயரிட்டிருப்பதாக லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்று எழுதிற்று. அந்தப் பந்து தள்ளாடித் தள்ளாடி வருமாம். மட்டை பிடிப்பவர் அதனை ஒன்றும் செய்ய இயலாதாம். இசை அந்தப் பெயரைச் சில ஆண்டுகள் கழித்தே ஏற்றுக்கொண்டது. முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1917இல்.

இசையும் பந்தாட்டமும் இப்படி ஒரே சொல்லைப் பங்கிட்டுக்கொண்டதில் வியப்பில்லை. ஜாஸ் இசையின் பெருமேதையான லூயி ஆம்ஸ்டிராங், 1931இல் தம் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பியபோது, உள்ளூர்ப் பேஸ்பால் குழு ஒன்றுக்குத் தம் செலவில் சீருடை வாங்கிக் கொடுத்தார். அந்த வெள்ளைச் சீருடை அழுக்காகிவிடுமே என்று அஞ்சி ஆட்டக்காரர்கள் மண்ணில் சறுக்கி விழ மறுத்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த நாட்டில் ஒரு கையில் இசைத்தட்டும் மறு கையில் ஆட்டக் குறிப்பேடுமாக வாழ்ந்த ரசிகர்கள் பலர். நம் நாட்டிலும் அத்தகையோர் உண்டு. ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் ஐதராபாத் அணிக்காகச் சுழற்பந்து வீசிய வி. ராம்நாராயண், பிற்காலத்தில் 'ஸ்ருதி' என்னும் இசை, நாட்டிய இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார்.

கம்பம் பள்ளத்தாக்கில் பேஸ்பால் ஏது, ஜாஸ் ஏது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் இல்லைதான். ஆயினும் அவ்விரண்டின் உடன்பிறப்புகள் என்று சொல்லத்தக்க இரண்டு பொருள்கள் எங்கள் பக்கம் வந்து வேரூன்றின. ஒன்று கிராமபோன் இசைத்தட்டு, மற்றொன்று கூடைப்பந்து. வட்டமான இசைத்தட்டுக்கு எமில் பெர்லினர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1887ஆம் ஆண்டு. கூடைப்பந்து அதே நாட்டில் பிறந்தது 1891ஆம் ஆண்டு. நான்கே ஆண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரண்டையும் ஒருங்கே நேசித்த ஒருவரை நான் அறிவேன். அவர் என் தாய்மாமன்.

மாமா உத்தமபாளையம் பகுதியில் ஒலிபெருக்கி செட் போடும் தொழில் செய்துவந்தார். திருமண வீட்டிலும் கோயில் கொடையிலும் கூம்புக் குழாயைத் தென்னை மரத்தில் கட்டி, விடியுமுன்பே பாட்டு வைப்பார். எங்கள் பக்கத்தில் இசைத்தட்டைப் 'பிளேட்டு' என்றே சொல்வார்கள். அவரிடம் இரண்டு மரப்பெட்டி நிறையப் பிளேட்டுகள் இருந்தன. கூம்பிலிருந்து புறப்பட்ட நாதசுவரம் வயல்களைத் தாண்டி முல்லையாற்றின் அக்கரை வரை கேட்கும். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் காதிலும் இத்தகைய கூம்புகளின் ஒலி விழுந்திருக்கத்தான் வேண்டும்.

இசைத்தட்டு என்பது என்ன என்று இன்றைய மாணவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பழைய தட்டு அரக்கினால் செய்யப்பட்டது. பாண்டவரை எரிக்கத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையும் அரக்கு மாளிகைதானே! பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒருவகைச் சிறு பூச்சி கசியவிடும் பிசின் அது. உலகின் இசைத்தட்டுத் தொழிலுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. தட்டின் முகத்தில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு பள்ளக் கோடு உண்டு. அக்கோட்டின் நெளிவில் ஊசி ஓடும்போது எழும் அதிர்வே நாம் கேட்கும் ஒலி. தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். அதற்குள் தட்டு 234 முறை சுழன்றுவிடும். பிறகு தட்டைத் திருப்பிப் போட வேண்டும். ஊசியையும் மாற்ற வேண்டும். மேல்நாடுகளில் இவ்வகைத் தட்டு 1950களிலேயே வழக்கொழியத் தொடங்கிற்று. நம் நாட்டில் அது மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுகள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டில் விற்கப்பட்டன.

அந்த மூன்று நிமிடத்தைப் பற்றித்தான் நான் சிறிது நின்று பேச விரும்புகிறேன். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை இரவெல்லாம் வாசிக்க வல்லவர். கோயில் வீதியில் அவருக்கு எல்லை கிடையாது. தட்டிலோ சில நிமிடங்கள்தாம். கடலைச் செம்புக்குள் அடைக்கச் சொன்னது போன்றது அது. ஆயினும் அவருடைய தோடித் தட்டு தமிழகமெங்கும் புகழ்பெற்றது. காலம் குறுகியபோது கலைஞர் வேண்டாதவற்றை நீக்கினார். ராகத்தின் உயிரை மட்டும் வைத்தார். 1920களில் ஆம்ஸ்டிராங் பதிவுசெய்த தட்டுகளும் இதே மூன்று நிமிடத்துக்குள் அடங்கியவையே. ஜாஸ் கலைஞரும் நம் வித்துவானைப் போலவே, தெரிந்த மெட்டிலிருந்து புறப்பட்டு, அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசித்து, மீண்டும் மெட்டுக்கே வந்து சேர்வார். இதனை நாம் மனோதர்மம் என்கிறோம். 1958இல் டேவ் புரூபெக் என்னும் ஜாஸ் பியானோக் கலைஞர் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து வாசித்தபோது, நம் சங்கீத ரசிகர்களுக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றியிராது.

இனிக் கூடைப்பந்துக்கு வருவோம். ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பதினெட்டு முரட்டு மாணவர்களை வைத்துக்கொண்டு திண்டாடினார். வெளியே பனி, உள்ளே விளையாட ஆட்டமில்லை. பீச் பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடைதான் என்பார்கள். நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடங்காத வகுப்புக்குப் பிரம்பைத் தேடாமல் விளையாட்டைத் தேடிய அந்த ஆசிரியர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஓர் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. அங்கே பயின்ற டிரில் மாஸ்டர்கள் தங்கள் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்ற ஆட்டங்களுள் கூடைப்பந்தும் ஒன்று.

கொடைக்கானல் மலையடிவாரத்தில், வராக நதிக்கரையில் இருக்கும் பெரியகுளம் மாம்பழத்துக்குப் பெயர்போனது. ஆனால் கூடைப்பந்து ஆடுவோரிடம் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். அங்குள்ள சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், பி. டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்காக நடத்தும் அகில இந்தியப் போட்டி 60 முறைக்கு மேல் நடந்துள்ளது. இராணுவம், கடற்படை, இரயில்வே, வங்கி என நாட்டின் பெரிய அணிகள் கோடைக்காலத்தில் அந்தச் சிற்றூருக்கு வந்து இறங்கும். மாலையில் விளக்கொளியில் ஆட்டம் நடக்கும். தோட்டத்து வேலை முடித்தவர்கள் குளித்துத் துண்டு போட்டுக்கொண்டு வந்து அமர்வார்கள். அவர்களுக்கு விதிகள் யாவும் தெரியும். நடுவர் தவறினால் அவரிடமே கூறும் துணிவும் உண்டு.

இவ்வாட்டத்திலும் காலத்துக்கு ஒரு கட்டு உண்டு. பேஸ்பால் ஆட்டத்துக்கு மொத்த நேர வரம்பு கிடையாது. ஒன்பது சுற்று முடியும்வரை ஆடலாம். கூடைப்பந்தும் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான், பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்க இடங்கொடுத்தது. 1950இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் இரண்டு மோதியபோது, ஓர் அணி பந்தை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டது. முழு ஆட்டமும் 19க்கு 18 என்று முடிந்தது. பார்க்க வந்தவர்கள் வெறுத்துப்போனார்கள். இதற்குப் பரிகாரம் தேடிய டேனி பையசோன் என்னும் அணி உரிமையாளர் ஓர் எளிய கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை வளையத்தை நோக்கி எறியும். வகுத்தால் 24. எனவே 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் அமெரிக்காவில் வந்தது. உலக அமைப்பு 1956இல் 30 விநாடி என்று வைத்து, 2000ஆம் ஆண்டில் அதனை 24 ஆக்கிற்று. மூன்று நிமிடம் வித்துவானுக்குச் செய்ததை இந்த விநாடிகள் ஆட்டக்காரனுக்குச் செய்தன. அவன் உடனே முடிவுசெய்ய வேண்டியவனானான்.

1971ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மாமா என்னை முதன்முறையாகப் பெரியகுளத்துக்கு அழைத்துச் சென்றார். எனக்கு அப்போது 11 வயது. அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. கூடை விழுந்தால் ஒரு வட்டம், தவறாட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி என்று அவர் தமக்கென ஒரு முறை வைத்திருந்தார். பேஸ்பால் ஆட்டத்தைக் கட்டங்களில் குறித்துவைக்கும் முறையை ஹென்றி சாட்விக் என்னும் பத்திரிகையாளர் நூறாண்டுக்கு முன்பே வகுத்திருந்தார் என்பது மாமாவுக்குத் தெரியாது. தேவை ஒன்றாக இருந்தால் வழியும் ஒன்றாகவே தோன்றுகிறது.

ஆட்டம் முடிந்தபோது கடைசிப் பேருந்து போய்விட்டது. பேருந்து நிலையத்துத் திண்ணையில் படுத்தபடி, "மாமா, அந்தக் கடைசிக் கூடையை இன்னொரு தடவை பார்க்க முடியாதா?" என்று கேட்டேன். "பிளேட்டுன்னா திருப்பிப் போடலாம் மாப்ளே. இது போச்சுன்னா போச்சு. அதனாலதான் கண்ணை எடுக்கக் கூடாதுங்கிறது" என்றார்.

அந்த விடுமுறையிலேயே ஒரு விபத்து நேர்ந்தது. பெட்டியிலிருந்து பிளேட்டுகளை எடுத்துத் துடைத்துக் கொடுக்கும் வேலையை எனக்குத் தந்திருந்தார். அரக்குத் தட்டு எளிதில் உடையும் என்று பலமுறை சொல்லியிருந்தார். ஒருநாள் இராஜரத்தினம் பிள்ளையின் தோடி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. நான் அழவும் அஞ்சி நின்றேன். மாமா துண்டுகளைப் பொறுக்கி மேசைமேல் பொருத்தி வைத்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எத்தனை தடவை கேட்டிருப்பே?" என்றார்.

"நூறு தடவை இருக்கும் மாமா."

"அப்ப எனக்குச் சொல்லு. எங்கே ஆரம்பிக்கிறார், எங்கே நிக்கிறார், எங்கே மூச்சு வாங்குறார்?"

நான் சொல்லத் தொடங்கினேன். தொடக்கம் வந்தது, நடுவில் ஓரிடம் வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நூறு முறை கேட்டவன் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டிருக்கவில்லை. மறுமுறை கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையே என் செவியை மந்தமாக்கியிருந்தது. ஆனால் ஒரே ஒருமுறை பார்த்த அந்த இறுதியாட்டத்தின் கடைசிக் கூடையை, பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பது உட்பட, என்னால் சொல்ல முடிந்தது. மாமா நான் விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் தோடியை முணுமுணுத்து முடித்தார். அவர் பாடகர் அல்லர். சுருதி சேரவும் இல்லை. ஆனால் ஓரிடமும் விடுபடவில்லை.

ஒலிநாடாக் காலம் வந்ததும் அவருடைய தொழில் நொடித்தது. பிளேட்டுகள் ஒவ்வொன்றாகப் பழைய சாமான் கடைக்குப் போயின. நோட்டு மட்டும் அவர் மறைவுக்குப் பின் என்னிடம் வந்தது. வட்டமும் பெருக்கலுமாக, பல ஆண்டுக் கோடைகள் அதில் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்தில் குறிகள் நின்றுவிடுகின்றன. அதன்கீழே மாமாவின் கையெழுத்தில் ஒரே வரி: "இதற்கு மேல் எழுதவில்லை. ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது."