‘ஷோ மோர்’ பட்டனுக்குக் கீழே ஒளிந்திருக்கும் பணம்

புது கேம் வெளியாகும் வாரங்களில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. நம்பிப் பார்க்கும் சேனல்காரர் இருபது நிமிடம் புகழ்ந்து தள்ளுவார். அதைப் பார்த்த கல்லூரி மாணவர் நாலாயிரம் ரூபாய் கட்டி ப்ரீ-ஆர்டர் போடுவார். வெளியான அன்று கேம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிடும். உடனே அவர் செய்வது இரண்டு காரியம். வீடியோவின் கீழே போய் நாலு வசவு எழுதுவார். பிறகு, ‘அப்டேட் வந்தால் சரியாகிவிடும்’ என்று ஆறு மணி நேரம் விளையாடிப் பார்ப்பார்.

இரண்டுமே அவருக்கு எதிராகத்தான் முடியும். வசவைப் பார்த்த சேனல்காரர் வீடியோவின் கீழுள்ள விவரக் குறிப்பைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். சாட்சி அதோடு போயிற்று. ஆறு மணி நேரம் விளையாடியதில் பணத்தைத் திரும்பக் கேட்கும் தகுதியும் போயிற்று.

விமர்சிப்பவருக்கும் விற்பவருக்கும் நடுவே பணம், பரிசு, பயணச் செலவு, பங்கு, உறவு என்று ஏதாவது இருப்பதுதான் ஆதாய முரண். விமர்சனத்துக்கு இலவசப் பிரதி வாங்குவது குற்றமல்ல. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். வாங்கியதை மறைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

நிறுவனத்தின் கை எப்படியெல்லாம் நீளும் என்பதற்கு உதாரணங்கள் ஏராளம். 2007-இல் அமெரிக்காவின் கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் ‘கேன் அண்ட் லின்ச்’ கேமுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் கொடுத்தார். அதே தளத்தில் அந்த கேமின் விளம்பரம் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவருக்கு வேலை போனது. விளம்பரம் தந்தவர்களின் நெருக்கடிக்கு நிர்வாகம் பணிந்த கதையை அவர் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது 2012-இல்தான்.

யூடியூப் வந்தபின் நிறுவனங்களுக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. பேசுகிறவருக்கே நேரடியாகப் பணம் போனது. 2014-இல் ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குச் சில நூறு டாலரிலிருந்து பல்லாயிரம் டாலர் வரை கொடுத்தது. கேமில் உள்ள குறைகளைக் காட்டக்கூடாது என்பது நிபந்தனை. விளம்பரம் என்ற தகவலை விவரக் குறிப்பில் போடச் சொன்னார்கள். ‘ஷோ மோர்’ பட்டனைத் தட்டினால்தான் அது கண்ணில் படும். சிலர் அங்கேயும் பணம் வாங்கியதைச் சொல்லாமல், கேம் முன்கூட்டியே கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பியூடிபை என்ற யூடியூபர் வெளியிட்ட வீடியோவை மட்டும் 37 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. இதைப் பிடித்து, இறுதி உத்தரவு போட 2016 நவம்பர் ஆனது. இனிமேல் இப்படிச் செய்யாதே என்ற உத்தரவுதான். ஒரு டாலர்கூட அபராதம் இல்லை.

இப்படிப்பட்ட கண்டிப்பின் பலனையும் பார்க்கலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன் விளம்பரத்துக்காக மஷினிமா நிறுவனம் 30,000 டாலர் கொடுத்ததாக 2015-இல் எஃப்.டி.சி. சுட்டிக்காட்டிய யூடியூபர் தாமஸ் கேசல். அவரே 2017-இல் இன்னொரு வழக்கில் வந்து நின்றார். அவரும் ட்ரெவர் மார்ட்டினும் ‘சிஎஸ்கோ லாட்டோ’ என்ற பந்தயத் தளத்தில் ஜெயிப்பதுபோல வீடியோ போட்டார்கள். அந்தத் தளத்தின் முதலாளிகளே தாங்கள்தான் என்பதைச் சொல்லவில்லை. அதிலும் அபராதம் இல்லை.

தெரியாமல் செய்தோம் என்று யாரும் தப்பிக்க வழியில்லை. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த எஃப்.டி.சி. வழிகாட்டுதலில் ஓர் உதாரணமே கேம் பற்றி எழுதும் கல்லூரி மாணவர்தான். இலவசமாக வந்த கேம் கருவியைப் பற்றி எழுதினால், இலவசமாக வந்ததை அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அது கூறியது.

மக்கள் பக்கமும் பிழை உண்டு. ‘கேமர்கேட்’ என்ற பெயரில் ஒரு பெருங்கூட்டம் கிளம்பியதும் ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ வந்த அதே 2014-இல்தான். தன் கேமுக்கு நல்ல விமர்சனம் வாங்க ஒரு பெண் படைப்பாளி ஒரு செய்தியாளரோடு பழகினார் என்பது குற்றச்சாட்டு. அந்தச் செய்தியாளர் அந்த கேமை விமர்சனம் செய்யவே இல்லை. அது காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமும் அல்ல. யாரும் சரிபார்க்கவில்லை. கொலை மிரட்டலில் அந்தப் பெண் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. கூட்டம் அங்கே துரத்திக்கொண்டிருந்த மாதங்களில், பெரிய நிறுவனத்தின் பணம் ‘ஷோ மோர்’ பட்டனுக்குக் கீழே நிம்மதியாகப் படுத்திருந்தது. ஆதாரம் இல்லாத புகார் வெறும் வசைபாடல்தான். புகாருக்கு முன் ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பது கஷ்டமல்ல. அவசரப்படாமல் இருப்பதுதான் கஷ்டம். கமெண்ட் எழுதுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். வீடியோவின் முகவரி, சேனல் பெயர், வெளியான தேதி, பார்த்த தேதி நான்கும் தெரிய வேண்டும். விவரக் குறிப்பை முழுதாகத் திறந்து தனியே ஒரு படம் எடுக்க வேண்டும். புகழ்ந்து பேசும் இடத்தை நிமிடக் கணக்கோடு குறித்து, திரைப்பதிவும் செய்துகொள்வது நல்லது. கேம் வாங்கிய ரசீது மின்னஞ்சலை அழிக்கக்கூடாது.

அடுத்தது பணம். ஸ்டீமில் வாங்கியிருந்தால் வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் கேமின் பெயரைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தால் போதும். ப்ரீ-ஆர்டரை வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் விதி கடுமை: 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேம் பழுதாக இருந்தாலொழிய, அது பொருந்தாது. ‘கேம் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும்போது ஸ்டீம் தரும் அந்த இரண்டு மணி நேரம்தான் கரைகிறது.

விமர்சனத்தை நம்பி முன்பணம் கட்டுகிறவர்கள் 2020 டிசம்பரை மறக்கக்கூடாது. ‘சைபர்பங்க் 2077’ வெளியாகும் முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் பிரதி மட்டுமே தரப்பட்டது. தாங்கள் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் முதலில் அனுமதி இல்லை. ப்ரீ-ஆர்டர் மட்டும் 80 லட்சம். பழைய பிளேஸ்டேஷன் 4-இல் கேம் தடுமாறியது வெளியான பிறகுதான் தெரிந்தது. சில நாட்களில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. எந்தக் கருவியில் விளையாடிப் பார்த்தார், காட்சிகள் யாருடையவை என்று சொல்லாத விமர்சனத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டக்கூடாது.

இனி புகார். இந்தியாவில் இருந்து பேசும் சேனல் என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2022 ஜூன் 9-இல் வந்த தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களும் பொருந்தும். 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதை இன்னும் விளக்கியது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பரிசு, பயணம், ஹோட்டல் தங்கல், உறவு எல்லாமே சொல்லப்பட வேண்டிய தொடர்புகள். வீடியோ என்றால் விவரக் குறிப்பில் மட்டும் போட்டால் போதாது. வீடியோவுக்குள்ளேயே எழுத்திலும் பேச்சிலும் வர வேண்டும். நேரலை என்றால் தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும். விளம்பரம் எந்த மொழியிலோ அறிவிப்பும் அந்த மொழியில்தான். தமிழில் புகழ்ந்துவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் ஒரு சொல் போடுவது ஏமாற்று வேலை.

புகாரை மூன்று இடங்களுக்குக் கொண்டுபோகலாம். முதலாவது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண் ஒன்று தருவார்கள். அதைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்கக்கூடாது.

இரண்டாவது, மாவட்ட ஆட்சியர். இது பலருக்குத் தெரியாது. சில அலுவலகங்களில் மனு வாங்குகிறவருக்கே தெரியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தவறான விளம்பரம் பற்றிய புகாரை ஆட்சியரிடம் எழுத்திலோ மின்னணு முறையிலோ தரலாம் என்கிறது. தமிழ்நாட்டில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். ‘இது எங்க வேலை இல்லை’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதனால் மனுவின் முதல் வரியிலேயே ‘நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-இன்கீழ் புகார்’ என்று எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைப்பு 1, இணைப்பு 2 என்று எண்ணிட்டு வைக்க வேண்டும். ரசீது வாங்காமல் வரக்கூடாது.

இதே புகாரை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்பலாம். விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கு அது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். மீண்டும் செய்தால் 50 லட்சம். ஓராண்டு வரை விளம்பரத்தில் தோன்றத் தடையும் போடலாம். ஆனால் ஏமாந்தவரின் பணத்தை வாங்கித் தருவது அதன் வேலை அல்ல. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

மூன்றாவது, இந்திய விளம்பரத் தர மன்றம். இது விளம்பரத் துறையினரே நடத்தும் அமைப்பு, தண்டிக்க முடியாது. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் விளம்பர அடையாளம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த நிமிடங்களைக் குறித்திருந்தால் புகார் வலுப்படும்.

பிரஸ் கவுன்சிலுக்கு யூடியூபரைப் பற்றி எழுதுவது வீண். அச்சு இதழ்கள்தான் அதன் வரம்பு. கேம் விமர்சனம் அச்சு இதழில் வந்திருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் இரண்டு மாதத்துக்குள், மற்றவை நான்கு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அமெரிக்க சேனல் என்றால் எஃப்.டி.சி.யின் இணையதளத்தில் புகார் பதியலாம். தனிப்பட்ட பணத்தை அது மீட்டுத் தராது.

பந்தயப் பணம் கட்டி ஆடும் கேமை யூடியூபர் புகழ்ந்தால் விஷயமே வேறு. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், அந்த விளம்பரத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. பணம் மோசடியில் போயிருந்தால் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

சிறிய சேனல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எனக்குக் காசு தரவில்லை, கேமைத் திறக்கும் கீ மட்டும்தான் தந்தார்கள்’ என்பது சமாதானம் ஆகாது. அந்தக் கீயும் கணக்கில் சேரும். வீடியோவின் முதல் நிமிடத்திலேயே ‘இந்த கேமை நிறுவனம் எனக்கு இலவசமாகத் தந்தது’ என்று தமிழில் வாயால் சொல்லி, அதையே திரையிலும் காட்டினால் வேலை முடிந்தது. சொல்ல ஐந்து விநாடி ஆகும். பார்க்கிறவரும் அந்த ஐந்து விநாடி வந்ததா என்று கவனித்துவிட்டு, வராவிட்டால், கமெண்ட் பெட்டியைத் தொடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும்.