எந்த மரத்துக்கு எந்தக் கத்தி?

குக்ரி, தாவ், ஒடிகத்தி மூன்றும் காட்டுக் கத்திகள்தான். ஆனால் ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று அதே லாவகத்தோடு செய்யாது.

கூர்க்கா ரெஜிமெண்டுகளின் சின்னத்தில் குறுக்கே வைத்த இரண்டு குக்ரிகள் இருக்கும். ராணுவம் தேடித் தந்த இந்தப் புகழால் குக்ரி பலருக்குச் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாகிவிட்டது. இமயமலைக் கிராமத்துக்காரருக்கோ அது அன்றாடக் கருவி. விறகு வெட்ட, கிளை கழிக்க, இறைச்சி துண்டு போட எல்லாவற்றுக்கும் அதுதான்.

மரம் வெட்டும் கத்தியை எடை போட மூன்று கேள்விகள் போதும். கனம் எங்கே இருக்கிறது? வாய் எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது? இரும்பு எப்படித் துவைச்சல் பெற்றிருக்கிறது?

குக்ரியில் கனம் முன்பாதியில் இருக்கிறது. பிடியிலிருந்து கிளம்பும் அலகு பாதி வழியில் கீழ்நோக்கி வளைந்து, அதன் பிறகு அகலமாகிறது. வீசும்போது அந்த முன்பாரம் கோடரித் தலையைப் போல வேலை செய்கிறது. முதுகு தடிமன்; வாய் லேசாக வயிறு வைத்தது. அதனால் மரத்தில் சிக்கிக்கொள்ளாமல் ஆப்பு போலப் பிளக்கிறது. லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்வது பரவலான வழக்கம். பழுக்கக் காய்ந்த அலகின் வாய்ப்பகுதி மீது மட்டும் கெட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். வாய் கடினமாகும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்கு மென்மையாகவே இருக்கும். கை கனமுள்ள கட்டைகளுக்கு இதற்கு நிகர் குறைவு.

நாகாலாந்தின் தாவ் வேறு ஜாதி. வளைவு கிடையாது, கூர்முனையும் கிடையாது. பிடியருகே குறுகி, நுனியை நோக்கி அகன்று, சதுரமாக வெட்டிவிட்டது போல முடியும். தச்சனின் உளியைப் போல ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்திருப்பது இதன் விசேஷம். காரணம் மூங்கில். சாய்வாக விழும் வெட்டில் ஒற்றைப் பக்க வாய் ஆழமாகக் கடிக்கிறது. மூங்கிலை நெடுகப் பிளக்கவும் சீவவும் கைக்கு அடங்குகிறது. மலைச்சரிவில் ஜூம் சாகுபடிக்குப் புதர் அழிப்பதிலிருந்து வீடு கட்டுவது வரை இதுவே துணை. ஒரு பக்கம் திறந்த மர உறையில் செருகி, இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். குறையும் இந்த வாயில்தான். கெட்டியான மரத்தில் நேராக இறங்காமல் ஒருபுறம் விலகும். வலக்கைக்காரருக்குத் தீட்டியது இடக்கைக்காரருக்கு ஒத்துவராது.

குடகின் ஒடிகத்தி நம் அரிவாளின் உறவு. திருப்பாச்சேத்தி அரிவாளைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஆனால் அகலம் அதிகம். உள்வளைவில் வாய் இருப்பதால் கொடியோ கிளையோ நழுவ முடியாது. வளைவு அதைப் பிடித்து இழுத்து அறுக்கும். முதுகுப் பக்கம் பித்தளைக் கொக்கியில் மாட்டிக்கொள்வது கொடவர் வழக்கம். செப்டம்பரில் வரும் கைல் முகூர்த்தத்தில் ஆயுதங்களோடு இதற்கும் பூஜை உண்டு. அடர்ந்த புதருக்கு இது ராஜா. கட்டையைப் பிளக்க இதை எடுப்பது வீண். உள்வளைவைத் தீட்டுவதும் சிரமம்.

மூன்றில் எதுவானாலும் குறுக்கே ஓங்கிப் போடுவது தவறு. இருபுறமும் மாற்றி மாற்றிச் சாய்வாக வெட்டி, ‘வி’ போலப் பள்ளம் எடுத்தால்தான் சக்கை தெறிக்கும். காய்ந்த மரத்தைவிடப் பச்சை மரம் சுலபம். தொடை பருமனுக்கு மேல் போனால் கத்தியை வைத்துவிட்டுக் கோடரியை எடுப்பதே புத்திசாலித்தனம்.

வாங்குகிறவர் ஏமாறும் இடம் பிடி. பளபளக்கும் முலாம், சிங்க முகப் பிடி என்று வரும் அலங்காரக் குக்ரிகள் வேலைக்கானவை அல்ல. அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்க வேண்டும். அரைகுறை வாலுள்ள கத்தி ஓங்கும்போது கழன்று பறந்தால், வெட்டுப்படுவது மரமாக இருக்காது. தரத்தைச் சோதிக்க ஓர் அரம் போதும். வாயில் அரம் வழுக்க வேண்டும். முதுகில் கடிக்க வேண்டும். உறையிலிருந்து குக்ரியை உருவும்போது வாய் இருக்கும் பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடிக்கக் கூடாது. உறை பிளந்தால் விரல் போகும்.

இன்னொரு வெட்டு சட்டத்தினுடையது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை 2016 ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. எங்கே உரிமம் தேவை என்பது அந்தந்தப் பகுதிக்கான அறிவிக்கையைப் பொறுத்தது. விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக அனுமதி கிடையாது.

ஆக, வயலில் இருக்கும்வரை தாவ் ஒரு விவசாயக் கருவி. அதே தாவ் நள்ளிரவில் நகரத்துப் பேருந்தில் அகப்பட்டால், அது மூங்கில் வெட்டத்தான் என்பதை விளக்க வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழும். எந்த மரத்துக்கு என்று யோசித்துக் கத்தி வாங்கியவருக்கு, அந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும்.